அடுக்களைக் கூரையில் ஒரு மஞ்சள் வளையம்: மாடிக் குளியலறைக்கு நீர்க்காப்புச் செய்த அனுபவம்

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டு அடுக்களைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் வளையம் இருப்பதை முதலில் கவனித்தவர் என் தாயார். அது 2023 டிசம்பர் மாதத்தின் கடைசி வாரம். திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் வெள்ளக்காடாக்கிய 17, 18 தேதிகளின் பெருமழை ஓய்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் பாதி வீடுகளின் சுவர்களில் ஓதம் ஏறியிருந்த அந்த நேரத்தில், எங்கள் கூரைக் கறையையும் மழைக் கணக்கில் எழுதிவிட்டேன். வெளிச்சுவரில் இருந்த மயிரிழை வெடிப்புகளை அடைத்து, மழைத் தடுப்பு வண்ணம் பூச 14,000 ரூபாய் செலவானது. அந்தப் பணம் முழுவதும் வீண் என்பது பங்குனியில்தான் தெரிந்தது.

பங்குனியில் ஒரு துளி மழை இல்லை. ஆனால் வளையம் வளர்ந்தது. முதல் வளையத்தைச் சுற்றி இரண்டாவது, அதைச் சுற்றி மூன்றாவது என்று, வற்றி வற்றி ஏறும் குளத்தின் கரைக்கோடுகளைப் போல அவை படர்ந்தன. வண்ணத்துக்கு அடியிலிருந்து பஞ்சு போல வெள்ளை உப்பு பூத்து, சமையல் மேடையில் உதிர்ந்தது. சித்திரையில் அந்தக் கறையின் நடுவே ஒரு நேர்கோடு பழுப்பு நிறத்தில் தெரிந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. கறை வளைந்து நெளிந்து பரவும். நேர்கோடாக ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். மழைக் கசிவு மழையைப் பார்த்துக் கூடும், குறையும். குளியலறைக் கசிவுக்கு மாதக் கணக்கு கிடையாது. இந்த எளிய வேறுபாட்டை டிசம்பரிலேயே நினைத்துப் பார்த்திருந்தால், ஒரு மாதம் பொறுத்திருந்து கவனித்திருப்பேன்.

அடுக்களைக்கு நேர் மேலே இருப்பது மாடிப் படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை. 8 அடி நீளம், 5 அடி அகலம். கீழ்த்தளம் 1999 இல் கட்டியது, மாடி 2006 இல் எழுப்பியது. குளியலறையின் கான்கிரீட் தளம் மற்ற அறைகளைவிட 1 அடி தாழ்வாக, ஒரு தொட்டியைப் போல அமைந்திருக்கும். இதைத்தான் கட்டுமானக்காரர்கள் சங்கன் ஸ்லாப் என்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்குள் கழிவுநீர்க் குழாய்களைப் பதித்து, மேலே செங்கல் உடைசலைக் கொட்டி நிரப்பி, அதன்மேல் கலவை போட்டு டைல்ஸ் பதிப்பார்கள். 2015 இல் தாயாரின் முழங்கால் வலியை முன்னிட்டு, அங்கே இருந்த இந்தியன் டாய்லெட்டை உடைத்து வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். அன்று ஒரே நாளில் வேலையை முடித்துக் கொடுத்த கொத்தனாரின் வேகத்தை நான் மெச்சினேன். அந்த வேகம் என்னவெல்லாம் செய்திருந்தது என்பதை ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பள்ளத்துக்குள் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

கறையின் காரணம் குளியலறைதான் என்று உறுதியானதும், உடைக்காமல் முடிக்கும் வழிகளையே முதலில் தேடினேன். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். டைல்ஸ் இடைவெளிகளில் வெள்ளை சிமெண்ட் தேய்த்தோம். ஒரு மாதத்தில் அது பொரிந்து வந்தது. பிறகு ஹார்டுவேர் கடையில் ஒரு தெளிந்த திரவத்தைத் தந்தார்கள்; தரையில் ஊற்றித் துடைப்பத்தால் பரப்பினால் இடுக்குகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும் என்றார்கள். கசிவு இரண்டு வாரம் குறைந்தாற்போல் இருந்து, மீண்டும் தொடங்கியது.

மேஸ்திரி ஒருவரை அழைத்துக் காட்டியபோது, அவர் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டைல்ஸ் போட்டா தண்ணி இறங்காதுன்னு யாரு அண்ணாச்சி சொன்னா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான விளக்கத்தை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். டைல்ஸ் என்பது தேய்த்துக் கழுவ வசதியான மேற்பரப்பு. அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. ஒவ்வொரு டைல்ஸின் ஓரத்திலும் உள்ள சிமெண்ட் இணைப்பு நுண்துளைகள் நிறைந்தது. அதற்கு அடியில் உள்ள மணல் கலவை, திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல நீரை உறிஞ்சிப் பக்கவாட்டிலும் கீழேயும் கடத்தும். ஆகவே மேலிருந்து எவ்வளவு அடைத்தாலும், ஓர் இடைவெளி தப்பினால் போதும். நீரைத் தடுக்க வேண்டிய படலம் டைல்ஸுக்கு அடியில், சுவரிலும் ஏறி, ஒரு கிண்ணத்தைப் போல அறுபடாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் படலம் எங்குமே இல்லை.

ஆனாலும் உடைப்பதற்கு முன் நீர் எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்வது அவசியம். கசிவுக்கு மூன்று மூலங்கள் இருக்கலாம்: அழுத்தத்தோடு நீர் ஓடும் சுவர்க்குழாய்கள், கழிவுநீர்க் குழாய்களும் அவற்றின் இணைப்புகளும், தரை. முதல் மூலத்தைச் சோதிப்பது எளிது. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பார்த்தோம்; மட்டம் இறங்கவில்லை. இங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் பிளம்பர் வேறொரு சோதனை சொன்னார்: நான்கு நாள் குளியலறையைப் பூட்டி வையுங்கள், கறை காய்ந்தால் தரைக் கசிவு, காயாவிட்டால் குழாய்க் கசிவு. பூட்டினோம். நான்கு நாள் கழித்தும் கூரை ஈரமாகவே இருந்தது. உடனே சுவரைக் கொத்திச் சூடுநீர்க் குழாயைத் திறந்து பார்த்தார்; அது எலும்பாகக் காய்ந்து கிடந்தது. கைப்பம்பைப் பொருத்தி நீரேற்றி, அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தோம். இரண்டு மணி நேரமும் முள் அசையவில்லை.

சோதனை பொய்த்த காரணம் இதுதான்: சங்கன் ஸ்லாப்பின் பள்ளத்துக்குள் நிரம்பியிருந்த செங்கல் உடைசல், மாதக்கணக்கில் ஊறி, தனக்குள் ஒரு சிறு கிணற்றையே வைத்திருந்தது. மேலே ஒரு சொட்டு விழாவிட்டாலும் அது கீழே வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். பள்ளமுள்ள குளியலறையில் நான்கு நாள் பூட்டுவது போதாது. இரண்டு மூன்று வாரமாவது பூட்டினால்தான் அந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. நானும் பிளம்பரும் இதைத் தெரிந்துகொள்வதற்குள் சுவரில் ஒரு முழ நீளக் காயம்.

அடுத்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு வாளி நீரில் கரைத்து, குளியலறைத் தரையில் நீர் வடிந்து போகும் வாயான நஹானி ட்ராப்பைத் துணியால் அடைத்துவிட்டு அதைச் சுற்றித் தேக்கினேன். எங்கள் பக்கத்துப் பிளம்பர்கள் இதை நானி ட்ராப் என்பார்கள். கூரையில் நீலம் இறங்கவே இல்லை. சோதனை தோற்றது என்றுதான் நினைத்தேன். பிற்பாடு உடைத்தபோதுதான் அது வீண்போகவில்லை என்று தெரிந்தது.

இதற்கிடையில் உடைக்காமலே முடித்துத் தருவதாக ஒருவர் வந்தார். அடுக்களைப் பக்கமிருந்து கூரையில் துளையிட்டு, அழுத்தத்தில் ரசாயனத்தைச் செலுத்தி வெடிப்புகளை மூடுவது அவர் முறை. தரைக்கடியில் உள்ள பெரிய தொட்டிகளிலும் அடித்தளச் சுவர்களிலும் அந்த முறைக்கு நல்ல பயன் உண்டு. ஆனால் எங்கள் பிரச்சினைக்கு அது ஒத்துவருமா என்று எனக்குச் சந்தேகம். கீழ்த்துளையை அடைத்தால் நீர் பள்ளத்துக்குள்ளேயே நிற்கும். கம்பி அதே ஈரத்தில் தொடர்ந்து துருப்பிடிக்கும். நமக்கு மட்டும் அது தெரியாமல் போகும். கறை தெரிவது தொல்லை, தெரியாமல் போவது ஆபத்து என்று எண்ணி அவரை அனுப்பிவிட்டு, 2024 மே மாதம் உடைப்பது என்று முடிவு செய்தோம். கோடையில் செய்தது நல்லதாகப் போயிற்று. ஊறிய தளம் காய்வதற்கு எங்கள் ஊர்க் கத்திரி வெயிலைவிட வேறென்ன வேண்டும்.

உடைப்பு இரண்டு நாள் நடந்தது. டைல்ஸையும் மேல் கலவையையும் இயந்திரத்தால் உடைக்க விட்டேன். உடைசலை அள்ளிய பிறகு கான்கிரீட்டை நெருங்கும்போது இயந்திரத்தை நிறுத்தி, உளியும் சுத்தியலும் கொண்டு கையால் கொத்தச் சொன்னேன். ஏற்கெனவே துருவேறிய தளத்தில் அந்த அதிர்வு புதிய வெடிப்புகளை உண்டாக்கிவிடும். எண்பது சாக்குக்கு மேல் உடைசல் வெளியேறியது. அடி உடைசலைக் கையில் எடுத்தால், ஊறிய ரொட்டியைப் போலப் பிசுபிசுவென்று உதிர்ந்தது. மூன்று மாதம் சாக்கடையில் கிடந்த நாற்றம்.

நஹானி ட்ராப்பைத் தோண்டியபோது நான் ஊற்றிய நீலம் அங்கே இருந்தது. ட்ராப்பின் கழுத்துக்கும் சுற்றியுள்ள கலவைக்கும் நடுவே ஒரு நகம் நுழையும் இடைவெளி. அந்த இடைவெளி வழியாக நீலம் குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு இறங்கி, அடியில் உள்ள செங்கற்களில் ஒரு கோடாகப் படிந்திருந்தது. அதாவது நாங்கள் குளித்த நீரில் பெரும்பகுதி ட்ராப்புக்குள்ளும், ஒரு பகுதி ட்ராப்புக்கு வெளியேயும் வடிந்திருக்கிறது. பி.வி.சி. வழவழப்பானது, சிமெண்ட் அதைப் பிடிக்காது. காய்ந்து சுருங்கும்போது விலகிவிடும். 2015 இல் கழிப்பறைக் குழாயை வெளிச்சுவர் வழியாகக் கொண்டுசென்ற இடம் இன்னும் மோசம். 4 அங்குலக் குழாய்க்கு 8 அங்குல ஓட்டை போட்டு, மிச்ச இடத்தில் வெற்றுச் சிமெண்ட் சாக்கைத் திணித்து, மேலே ஒரு கரண்டி கலவை பூசியிருந்தார்கள். சாக்கு அப்படியே இருந்தது. அதில் அச்சிட்ட எழுத்தைக்கூட வாசிக்க முடிந்தது. தளத்தின் வடக்கு மூலையில், தளம் வார்த்தபோது கான்கிரீட் சரியாக இறுகாத ஓரிடத்தில், ஜல்லி தேன்கூடு போலத் தெரிந்தது. அடுக்களைக் கறை அதற்கு நேர் கீழே.

எட்டு நாள் மின்விசிறி ஓடவிட்டுத் தளத்தைக் காயவைத்தோம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. 2 அடிக்கு 2 அடி பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஓர் இரவு விட்டுப் பார்க்க வேண்டும். முதல் முறை தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. மூன்றாம் முறைதான் தாள் காய்ந்திருந்தது. கீழே அடுக்களைப் பக்கத்தில் பிதுங்கி நின்ற கான்கிரீட்டைத் தட்டி உதிர்த்து, கம்பியைக் கம்பித்தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சுப் பூசி, பாலிமர் கலவையால் மூடினோம்.

குழாய்களை வைக்கும் வேலையில் நான் பிடிவாதமாக நின்றேன். சுவர் வழியே போகும் குழாயின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, அதன்மேல் பி.வி.சி. பசையைத் தடவி, ஈரம் காய்வதற்குள் சலித்த மணலைத் தூவினோம். மணல் ஒட்டிக்கொண்ட குழாயைச் சிமெண்ட் நன்றாகப் பற்றும். ஓட்டையின் ஓரங்களை உளியால் உட்சரிவாகக் கொத்திவிட்டு, சுருங்காத வகைக் கலவையை இரு பக்கமும் இருந்து இறுக நிரப்பினோம். தேன்கூடு மூலையையும் உறுதியான ஜல்லி தென்படும்வரை கொத்தி, அதே கலவையால் நிரப்பினோம்.

அதன்பிறகுதான் தொட்டி போன்ற அந்தப் பள்ளத்துக்கு உள்பூச்சு. சுவரும் தரையும் சேரும் மூலை செங்கோணமாக இருந்தால் பூச்சு அங்கே மடங்கி வெடிக்கும். ஆகையால் மூலை முழுவதும் 2 அங்குல அகலத்துக்குச் சரிவான ஒரு கலவைப் பட்டை வைத்தோம். எங்கள் தேர்வு, பொடி ஒரு பையிலும் திரவம் ஒரு டப்பாவிலும் வரும் சிமெண்ட் அடிப்படையிலான அக்ரிலிக் பாலிமர் பூச்சு. காய்ந்த பிறகும் சற்று நெகிழும் தன்மை இதற்கு உண்டு என்பதால், கட்டடம் இலேசாக அசைந்தாலும் இது வெடிப்பதில்லை. கலவையில் ஊற்றும் நீர்க்காப்புத் திரவத்தை மட்டும் நம்புபவர்கள் பலர். சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி என்று ஊற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அது கலவையின் நீர் உறிஞ்சலைக் குறைக்குமே தவிர, வெடிப்பையும் குழாய் ஓர இடைவெளியையும் மூடாது. அதையும் சேர்த்தோம்; ஆனால் படலத்துக்கு அது மாற்று ஆகாது.

இவ்வளவு நாள் காயவைத்த தளத்தை, பூச்சுப் பூசுமுன் மீண்டும் நனைக்கச் சொன்னபோது தாயார் சிரித்தார். முரணாகத் தோன்றினாலும் காரணம் உண்டு. உள்ளே தேங்கிய நீர் போக வேண்டும் என்பதற்காகக் காயவைத்தோம். ஆனால் சிமெண்ட் வகைப் பூச்சு வறண்ட தளத்தில் பட்டால், தளம் அதன் நீரை உறிஞ்சிக்கொள்ள, பூச்சு பொடியாக உதிரும். ஈரத் துணியால் துடைத்தாற்போல் ஈரம் இருக்க வேண்டும், நீர் நிற்கக் கூடாது. பாலியூரித்தேன் வகைப் பூச்சுக்கு இதற்கு நேர்மாறாக முழு வறட்சி வேண்டும். பையின் பின்புறத்தில் எழுதியிருப்பதை வாங்கும்போதே வாசித்துவிடுவது நல்லது.

மே மாதச் சூட்டில் கலந்த பூச்சு வாளியிலேயே இறுகத் தொடங்கும். ஆகவே காலை 6 மணிக்கே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பூசினோம். இரண்டாம் வாளி சற்றுக் கெட்டியானதும், பூசிய இளைஞர் ஒரு மக் தண்ணீரை எடுத்தார். தடுத்தேன். "தண்ணி ஊத்துனாத்தான் அண்ணாச்சி பிரஷ் ஓடும்" என்றார். பிரஷ் ஓடும், ஆனால் படலம் தன் பலத்தை இழக்கும். கெட்டியானதை வெளியே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கச் சொன்னேன். சுமார் 300 ரூபாய் வீணாயிற்று, எனக்கு வருத்தமில்லை. முதல் பூச்சு கிழக்கு மேற்காக. அது ஈரமாக இருக்கும்போதே மூலைகளிலும் குழாய்களைச் சுற்றியும் கண்ணாடி இழை வலைத்துணியை அழுத்திப் பதித்தோம். பையில் குறித்திருந்த நேரம் கழிந்த பின் இரண்டாம் பூச்சு வடக்கு தெற்காக. குறுக்கே பூசுவதால் முதல் பூச்சில் தூரிகை தவறவிட்ட ஊசித்துளைகள் மூடப்படும்.

பூச்சு இறுகிய பிறகு குழாய் வாய்களை மூடி அடைத்து, பள்ளத்தில் 6 அங்குலத்துக்கு நீர் தேக்கினோம். கழிப்பறைக் குழாய் மூழ்கினால்தான் அதன் ஓரம் சோதிக்கப்படும். சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்ததோடு, அதே அறையில் ஒரு வாளியிலும் நீர் வைத்து அதன் மட்டத்தையும் குறித்தேன். கோடையில் நீர் ஆவியாகி இறங்கும். வாளியில் இறங்கிய அளவே பள்ளத்திலும் இறங்கியிருந்தால் கசிவு இல்லை, அதைவிட அதிகம் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. மறுநாள் காலை வாளியில் ஒரு கோட்டுக் கனமே இறங்கியிருந்தது. பள்ளத்தில் ஏறக்குறைய 1 அங்குலம். ஓடிப்போய் வெளிச்சுவரைப் பார்த்தால், குழாய் வெளியே வரும் இடத்தில் சுவர் ஈரமாக மின்னியது.

மேஸ்திரியின் முகம் வாடியது. எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. இந்தச் சோதனை இல்லாமல் மூடியிருந்தால், அந்த ஈரம் அடுத்த ஆண்டு மீண்டும் வேறொரு வளையமாக வந்திருக்கும். நீரை இறைத்து, குழாய்க்கு அடிப்புறத்தைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். குழாயின் மேற்பாதியில் வலைத்துணி சுற்றி அழகாகப் பூசியிருந்தார்கள். கையும் பார்வையும் எட்டாத கீழ்ப்பாதியில் பூச்சு படவே இல்லை. அங்கே மீண்டும் வலைத்துணி, மீண்டும் இரண்டு பூச்சு. இரண்டாம் முறை 48 மணி நேரம் நீர் நின்றது. வாளியும் பள்ளமும் ஒரே அளவில் இறங்கின.

பள்ளத்தின் தாழ்வான மூலையிலிருந்து வெளிச்சுவர் வழியாக 1 அங்குலக் குழாய் ஒன்றை, முன்னேற்பாடாக முதலிலேயே வைத்திருந்தோம். அதன் உள்வாயில் வலையும் சுற்றிச் சுத்தமான ஜல்லியும் இருக்கும். இனி எப்போதாவது நீர் பள்ளத்துக்குள் இறங்கினால் அடுக்களைக் கூரைக்குப் போகாமல் வெளியே சொட்டும். நமக்கும் முன்னதாகவே தெரிந்துவிடும். நூறு ரூபாய்கூட ஆகாத இந்தக் குழாயை 2006 இல் யாராவது வைத்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. பள்ளத்தின் அடித்தளமும் அந்தக் குழாயை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பூச்சின்மேல் ஒரு பாதுகாப்புக் கலவை போட்ட பிறகே சுத்தமான செங்கல் ஜல்லியைச் சிமெண்ட் கலவையோடு நிரப்பினோம். நேராகக் கொட்டியிருந்தால் செங்கல்லின் கூர் முனை படலத்தைக் கிழித்துவிடும். பழைய உடைசலையே மீண்டும் போட்டுவிடலாம் என்ற யோசனையை, அந்த நாற்றம் நினைவுக்கு வந்ததும் கைவிட்டேன். மேல் கலவைக்கு வாட்டம் பிடிப்பதில் மேஸ்திரி வல்லவர். 80 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் 8 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 1¼ அங்குலச் சரிவு. ரசமட்டம் வைத்துப் பார்த்தார். எனக்கு அது போதாமல், பேரனின் கோலிக்குண்டை நான்கு மூலைகளிலிருந்தும் உருட்டினேன். மூன்று மூலைகளிலிருந்து ட்ராப்புக்கு ஓடியது. நான்காவதிலிருந்து புறப்பட்டுப் பாதியில் நின்றது. அந்த இடத்தை மறுபடி இழைத்தார்.

இந்த மேல் கலவையிலும் இரண்டாவது நீர்க்காப்புப் படலம் பூசினோம். பள்ளத்தில் பூசியது கடைசி அரண்; நீர் பள்ளத்துக்குள் இறங்காமலே தடுப்பது இந்த மேற்படலம். சுற்றுச் சுவர்களில் 1 அடி உயரமும், ஷவர் இருக்கும் மூலையில் 7 அடி உயரமும் பூசினோம். ட்ராப்பின் வாய்க்குள் படலம் ஓர் அங்குலம் மடிந்து இறங்கும்படி வலைத்துணியோடு சேர்த்துப் பூசியதே இந்த வேலையின் உயிர்நிலை; நீலக்கோடு என் கண்முன்னே இருந்தது. இன்னோர் இடம் வாசற்படி. சுவர்களில் எல்லாம் ஏற்றிப் பூசிவிட்டுக் கதவடியில் விட்டுவிட்டால், டைல்ஸுக்கு அடியில் உள்ள ஈரம் நிலைக்குள் ஏறும். படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வண்ணம் கொப்பளிப்பது இதனால்தான். ஒரு கிரானைட் படியைத் தடுப்பாகப் பதித்து, படலத்தை அதன் உள்முகத்தில் ஏற்றினோம். மறுபடி 24 மணி நேரம் நீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ் பதிக்கச் சொன்னேன்.

டைல்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணல் கலவைக்குப் பதில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர முத்திரையிட்ட ஒட்டுப்பசையைப் பல்கரண்டியால் முழுப்பரப்பிலும் இழுத்துப் பதித்தார்கள். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்துப் பதித்தால் நடுவே வெற்றிடம் உண்டாகி அங்கே நீர் தங்கும். தரை இணைப்புகளுக்கு எப்பாக்ஸி என்ற பிசின் கலவை, சுவரும் தரையும் சேரும் கோட்டுக்கு மட்டும் நெகிழும் சிலிகான். எல்லாம் முடிந்து நிம்மதியாக இருந்த வேளையில், துண்டுக்கம்பி மாட்ட வந்தவர் ஷவர் சுவரில் துளை இயந்திரத்தை வைத்தார். ஓடிவந்து நிறுத்தினேன். படலத்தில் விழும் ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். கம்பிகளையும், தாயாருக்கான பிடிமானங்களையும் எங்கே மாட்டுவது என்பதைப் பூசுமுன்பே தீர்மானித்து, முதலிலேயே துளையிட்டு அடைத்திருக்க வேண்டும்; அதை நான் யோசிக்கவில்லை. பிடிமானம் தவிர்க்க முடியாததால், துளைக்குள் சிலிகானை நிரப்பிய பிறகே திருகாணியை இறக்கினோம். துண்டுக்கம்பி இப்போது கதவின் பின்புறத்தில் தொங்குகிறது.

மொத்தச் செலவு 1,18,000 ரூபாய். அதில் இரண்டு அடுக்குப் பூச்சுப் பொருளுக்கும் வலைத்துணிக்கும் சேர்த்து 8,000 ரூபாயைத் தாண்டவில்லை. மிச்சமெல்லாம் உடைப்பு, குழாய், டைல்ஸ், கூலி. 2006 இல் இந்த 8,000 ரூபாயின் அன்றைய மதிப்பைச் செலவிட எனக்கு யாரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் டைல்ஸுக்குத்தான் அதைச் செலவழித்திருப்பேன். வேலை நடந்த அத்தனை நாளும் ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து, குழாய் ஓடும் இடங்களைச் சுவரிலிருந்து அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இனி யாராவது துளையிட வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் காட்டுவேன்.

மாடியில் குளிக்கும் பழக்கமே எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறைக்கு உட்பட்டது. தாயார் வளர்ந்த வீட்டில் குளியல் கிணற்றடியில், பாத்திரம் கழுவுவது அடுக்களை மூலை அங்கணத்தில். நீர் புழங்கும் இடத்துக்கு அடியில் மண்தான் இருந்தது. "தலைக்கு மேல அங்கணத்தை வச்சா அது ஒழுகத்தானே செய்யும்" என்று அவர் சொன்னதைக் கொத்தனார்கள் ரசித்தார்கள்.

அடுக்களைக் கூரைக்கு உடனே வண்ணம் பூச வேண்டாம் என்று மேஸ்திரி சொன்னார். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும்வரை பூச்சு மூச்சுவிட வேண்டும். பழைய கறை எது, புதிய கறை எது என்று தெரிவதற்காக, பழைய கறையின் எல்லையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். ஆகஸ்டில் கோட்டுக்குள் மஞ்சள் வெளிறியிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையும் போயிற்று. தை பிறந்ததும் மற்ற இடங்களுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள்; அந்த ஓரிடத்தை மட்டும் இன்னும் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுப் பூசலாம் என்று தாயார் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறார்.